மிதக்க வேண்டிய கல்

என் தம்பி மனைவி சுடும் செங்கல் காற்றடித்தால் பறந்துவிடும். அதனால் அவள் சூளையில் கல் அடுக்குகளைக் கயிறு போட்டுக் கட்டிவைப்பார்கள். சரி, கயிறு நான் கட்டியது. அதுவும் இந்த வரியை எழுதும்போதுதான். ஆனால் ஒரு கல்லை இரண்டே விரலால் தூக்கலாம் என்பது சத்தியம்.

ஆள் நாலடி பத்து அங்குலம், பேச்சு ஆறடி. நாங்கள் பரம்பரைக் கொத்தனார்கள்; அவள் சூளைக்காரர் மகள்.

பழைய கட்டடம் ஒன்றின் கோபுர உச்சி சரிந்தபோது, விழுந்த கல் ஒன்றை இன்ஜினியர் வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். மிதந்தது. கீழ்ச்சுவர் பாரம் தாங்க வேண்டுமே என்று, உச்சிக்கு மட்டும் உள்ளெல்லாம் துளை விழுந்த லேசான கல்லாகச் சுட்டிருக்கிறார்கள் அந்தக் காலத்து ஆட்கள். “இதே மாதிரி மிதக்கிற கல்லை யார் சுட்டுத் தந்தாலும் உச்சி வேலை அவங்களுக்குத்தான்,” என்றார் இன்ஜினியர்.

அன்றிலிருந்து இவள் களிமண்ணில் மரத்தூளைப் போட்டுப் பிசைய ஆரம்பித்தாள். நெருப்பில் தூள் எரிந்துபோகும். அது இருந்த இடம் துளையாக நிற்கும். தூள் கூடினால் கல் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. குறைந்தால் முங்கியது. பத்து சூளை வீணாயிற்று.

“அண்ணி, அடுத்ததும் தேறலைன்னா விட்டுடறேன். பழையபடி சாதாக் கல்லே அறுக்கிறேன்,” என்றாள் என்னிடம். முகம் சுண்டிப்போயிருந்தது. நான் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை.

பதினோராவது சூளைக் கல் அவள் வீட்டுத் தொட்டியில் ஜம்மென்று மிதந்தது. நான்கு கல்லைச் சாக்கில் போட்டு எங்களிடம் கொடுத்தாள். நானும் தம்பியும் விடிந்ததும் அந்தக் கட்டடத்து வேலையிடத்துக்குப் போய்விட்டோம். அவள் சூளை வேலையை முடித்துவிட்டு ஒன்பது மணிக்கு வந்தாள்.

இன்ஜினியர் ஒரு கல்லை எடுத்துப் பீப்பாய்த் தண்ணீரில் விட்டார். பொளக். நேராக அடிக்குப் போயிற்று.

“நல்லாத்தான் நீந்துது தங்கச்சி, தரையோட,” என்றார் ஒரு மேஸ்திரி.

அவள் இரண்டாவது கல்லைத் தூக்கினாள். கை தாழ்ந்தது.

“இதை யாரு ஊற வெச்சது?”

சுவரில் வைக்கும் முன் கல்லை ஊறவைப்பது கொத்தனார் வீட்டில் மூச்சு விடுவது மாதிரி. காய்ந்த கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். வேலையிடத்தில் கல்லைக் கண்டால் கை தானாகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும். ஆனால் துளையெல்லாம் தண்ணீர் ஏறிய கல் எப்படி மிதக்கும்? என் தம்பி அசடு வழிய நின்றான்.

“சார், இது என் கல்லுதான். வயிறு முட்டக் குடிச்சிருக்கு. வேற கல்லு கொண்டாந்தா மாத்திட்டேன்னு சொல்வாங்க. இதையே காய வெச்சுத் தரேன், மூணு மணி வரைக்கும் டைம் குடுங்க.”

“மூணுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாதும்மா.”

தணல்மேல் தகரத்தைப் போட்டு, அதன்மேல் கல்லை வைத்துப் புரட்டிப் புரட்டி எடுத்தாள். புஸுபுஸுவென்று ஆவி கிளம்பியது. சுற்றி நின்ற மேஸ்திரிகள் ஆரம்பித்தார்கள்.

“வெந்துடுச்சா? குத்திப் பாரு.”

“உப்பு போட்டியா தங்கச்சி?”

அவள் காதிலேயே வாங்கவில்லை. அடிக்கடி கல்லைத் துணியால் பிடித்து எடை பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் கை கொஞ்சம் மேலே வந்தது.

மூன்று மணி. நூறு எண்ணும் வரை மிதக்க வேண்டும் என்று சொல்லி இன்ஜினியர் கல்லை விட்டார். அது ஒரு முழுக்குப் போட்டு எழுந்து, தள்ளாடி, நின்றது. கிண்டலடித்த மேஸ்திரிதான் உரக்க எண்ணினார். நூறு தாண்டியும் நிறுத்தவில்லை. நூற்று நாற்பதில் இருமல் வந்து நிறுத்தினார். இன்ஜினியர் விரலால் கல்லை அமுக்கினார். விட்டதும் குதித்து மேலே வந்தது.

“உச்சி உங்களுதும்மா,” என்றார்.

அவள் பீப்பாய்க்குள் கையை விட்டு, தண்ணீரை வாரி என் முகத்தில் அடித்தாள். அத்தனை பேர் நிற்க, என்மேல் மட்டும் ஏன் என்று தெரியவில்லை. சந்தோஷம் போலிருக்கிறது.

இதையெல்லாம் இப்போது என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு அவள் சொல்கிறாள்: “எல்லாம் சரி அண்ணி, அவரைப் போய் ஏன் அசடு வழிய வெச்சீங்க? அவரு அப்போ மேல சாரம் கட்டிட்டிருந்தாரு. கல்லை ஊறப் போட்டது நீங்க.”