டானியலை நான் ஏசித்தான் அனுப்புவேன்

டானியல் போய்விட்டான்.

இன்று காலை கல்லடியிலிருந்து அவன் மகள் போன் எடுத்தாள். "மாமா, அப்பா போயிற்றார்..."

எனக்குத் தொண்ணூற்றாறு. அவன் என்னைவிட மூத்தவன். அதற்காக "நல்ல சாவு" என்று கமெண்ட் போடாதீர்கள், எனக்குக் கோபம் வரும்.

யார் இந்த டானியல்? இரண்டாம் உலக யுத்த காலத்தில் வாவிக் கரையில் இருந்த வெள்ளைக்கார ஆமிக் கேம்பில் அவன் மொழிபெயர்ப்பாளன். நான் அதே கேம்பில் கைதி.

எங்கள் வலைக்கு மேலே மோட்டர் போட்டை விட்டுக் கிழித்துப்போட்டுச் சிரித்தான் ஒரு சிப்பாய். தோணி வலிக்கும் சவளால் அவன் தோளை உடைத்தேன். பிறகு அவர்கள் என் விலாவை உடைத்தார்கள்...

ஊருக்கும் கேம்புக்கும் அப்போது ஓயாத அடிதடி. கள்ளுக்கடையில் கத்திக்குத்து, சந்தியில் கல்லெறி. புதிதாக வந்த கெப்டனுக்கு ஒரு யோசனை வந்தது. ஊராருடைய விளையாட்டை நாமும் சேர்ந்து விளையாடினால் சிநேகம் வருமாம். இப்போது தூதரகங்கள் மேடை போட்டு "கலாசார உறவு" என்கிறார்களே, அதேதான்.

அவர் கேட்டது கொம்புமுறி.

தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கண்ணகை அம்மனுக்குச் செய்யும் சடங்கு அது. வளைந்த இரண்டு மரக் கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி, வடசேரி ஒரு பக்கமும் தென்சேரி மறுபக்கமும் நின்று இழுப்பார்கள். கொம்பு முறிந்த பக்கம் தோல்வி.

வென்ற பக்கம் தோற்ற பக்கத்தை வாய் கூசாமல் பாட்டிலே ஏசவேண்டும். ஏசாவிட்டால் சடங்கு முடியாது, ஊரில் அம்மை நோய் பரவும் என்று பயம்.

தென்சேரி ஆட்கள் தங்கள் கயிற்றைக் கேம்புக்கு விட்டுக்கொடுத்தார்கள். நல்லபடி முடிந்தால் நான் வீட்டுக்குப் போகலாம் என்று கெப்டன் வாக்குக் கொடுத்தார். விலங்கோடு கொண்டுவந்து என்னை லொறியோடு கட்டி வைத்தார்கள்.

வடசேரிக்கு ஏசிப் பாடுகிறவர் என் அப்பா. வடசேரி வென்றால் அவர் கெப்டனையே ஏசவேண்டும், என் விடுதலை போய்விடும்.

அதனால் ஊர் தோற்றுவிடுவது என்று பேசி வைத்துக்கொண்டது. உளுத்த கொம்பைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டு, வைரம் பாய்ந்ததைக் கேம்புக்குக் கொடுத்தார்கள். கேம்ப் ஆட்களோ அதில் துளை போட்டு, தங்கள் படையின் பித்தளைச் சின்னத்தை முடுக்கி வைத்திருந்தார்கள். அழகுக்காம்!

அந்தத் துளையில்தான் முறிந்தது.

சனம் ஆரவாரிக்கவில்லை. எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பாடத் தொடங்கினார்... கெப்டனின் கொம்பு, கெப்டனின் மீசை, கெப்டனின் தாய், தாயின் தாய்.

என்ன பாடுகிறார் என்று கெப்டன் கேட்டார். உங்கள் வீரத்தைப் புகழ்கிறார் என்று டானியல் கூசாமல் புளுகினான். கெப்டன் மகிழ்ந்துபோய்த் தொப்பியைக் கழற்றி, இன்னும் பலமாகப் பாடச் சொன்னார். அப்போதுதான் சனம் சிரித்தது, அடக்க முடியாத சிரிப்பு.

கள்ளுக்கடையில் தமிழ்த் தூஷணம் பழகிய சிப்பாய் ஒருவன் நின்றான். அவனுக்கு விளங்கிவிட்டது. பெல்ட்டைக் கழற்றி, அதன் பித்தளைப் பூட்டால் அப்பாவின் நெற்றியில் அடித்தான்.

பிறகு... முறிந்த கொம்பால் அடித்தார்கள், கல்லால் அடித்தார்கள், துவக்குப் பிடியால் அடித்தார்கள். யாருடையதோ ஒரு காது மணலில் கிடந்தது. நான் லொறியோடு கிடந்து, "அப்பாவ உடுங்கடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

டானியல்தான் ஓடிவந்து அப்பாவுக்கு மேலே விழுந்தான். துவக்குப் பிடி அவன் வாயில் இறங்கியது.

கெப்டன் வானத்தை நோக்கிச் சுட்டார். எல்லாம் நின்றது. டானியலைச் சட்டையில் பிடித்துத் தூக்கி, உண்மையில் என்ன பாடினான் என்று உலுப்பினார்.

டானியல் பல்லைத் துப்பினான். பிறகு ஒவ்வொரு வரியாக இங்கிலீசில் சொன்னான். தாயையும் விடவில்லை. கடைசியில் ஒன்றை மட்டும் எங்களுக்கும் விளங்கத் தமிழில் சொன்னான். "எங்கட கயித்தப் புடிச்சவனத்தான் ஏசுவம். அந்நியன ஏச மாட்டம் எண்டு சொல்லிற்றன்."

அப்பா இரத்தம் வழிய எழும்பி டானியலைப் பார்த்தார். "மனே, இன்னும் முடியல்ல. மிச்சத்தையும் சொல்லிக் குடு."

மிச்சத்தையும் பாடினார். டானியல் அதையும் மொழிபெயர்த்தான். கெப்டன் நின்று கேட்டார், முகத்தில் ஈயாடவில்லை.

முடிந்ததும் அவர் வாக்கைக் காப்பாற்றினார். என் விலங்கைக் கழற்றினார். கழற்றிய அதே விலங்கை டானியலுக்குப் போட்டார்.

இழுக்கும்போது எடுத்த போட்டோ பேப்பரில் வந்தது. நல்லெண்ண விழாவாம்... தூ!

அவன் வெளியே வந்த அன்று துறையடியில் காத்து நின்றேன். வேலை போயிற்று, முன்பல் ஒன்றுமில்லை. அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் அழுதேன்.

"என்னடா அழுறாய்? நான் தோத்த கயித்துக்காரன், தென்சேரி. ஏசன்டா!" என்றான்.

ஏசினேன். அழுது அழுது ஏசினேன்.

அன்றிலிருந்து எங்களுக்குள் சுகம் விசாரிப்பு கிடையாது, ஏச்சுத்தான். போன நத்தார்ப் பண்டிகைக்குப் போன் எடுத்தும், "வடசேரிக் கழுத, இன்னும் சாகல்லியா?" என்றான்.

நாளைக்குப் பாதிரியார் அவனைப் பற்றி நல்லதெல்லாம் சொல்வார். சொல்லட்டும். என்னை வீல்செயாரில் பெட்டிக்குப் பக்கத்தில் விடச் சொல்லியிருக்கிறேன்.

டேய் தென்சேரி நாயே... பல்லுப் போன புளுகா... எழும்பித் திருப்பி ஏசன்டா...