அப்பாவின் கண்களும் ஆறு மணி நேரமும்

பள்ளியில் எனக்கு ‘சவ்வு டீச்சர்’ என்று பெயர். பதினொன்றாம் வகுப்பு உயிரியலில் செல்லின் சவ்வுகளை மட்டும் மூன்று வாரம் இழுப்பேன் என்பதால் பிள்ளைகள் வைத்தது. கேட்டால் கோபம் வரும், ஆனால் நியாயமான பெயர்தான். செல்லுக்குள் எது நுழையலாம், எது வெளியேற வேண்டும் என்று காவல் காப்பது அந்த மெல்லிய இரட்டைக் கொழுப்பு அடுக்கு. அது புரியாதவனுக்கு மற்றதெல்லாம் வெறும் மனப்பாடம். அப்பா இறந்த பிறகு அந்தப் பாடத்தை நான் நடத்துவதில்லை. இன்னொரு டீச்சரிடம் தள்ளிவிட்டு அவருடைய பாடங்களை வாங்கிக்கொள்கிறேன். ஏன் என்று கேட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

அப்பா குரும்பகரம் பக்கத்து வயல்களில் பம்புசெட் பழுது பார்த்தவர். பள்ளியில் நடந்த முகாமிலிருந்து நான் கொண்டுவந்த கண்தானப் படிவத்தைப் புரட்டிவிட்டு, “செத்தவன் கண்ணு எப்படிம்மா வேலை செய்யும்?” என்று கேட்டார். நானும் பாடம் எடுத்தேன். கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது, அதைத்தான் எடுத்து இன்னொருவருக்கு வைப்பார்கள். அதன் உள்பக்கத்தில் ஒரே வரிசையாகச் செல்கள். கண்ணுக்குள்ளிருந்து நீர் ஓயாமல் படலத்துக்குள் கசியும். அந்தச் செல்களின் சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள் உப்பை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், உப்பின் பின்னாலேயே நீரும் போய்விடும். அதற்கான சக்தி அதே செல்லுக்குள், மைட்டோகாண்டிரியாவின் மடிப்பு மடிப்பான உள்சவ்வில் தயாராகிறது. மூச்சு நின்றால் சக்தி இல்லை. படலத்தில் நீர் ஏறி வெளுத்துவிடும்.

அப்பா சிரித்தார். “கரண்டு போனா வயல்ல தண்ணி ஏறுற கதைதானே? அப்ப சீக்கிரமா வந்து எடுத்துக்கச் சொல்லு. ரெண்டு பேருக்கு ஆவும்ல? நீதான் பொறுப்பு.”

அவர் கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

தை மாதத்தில் ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு அப்பா போனார். ஆறு மணிக்கெல்லாம் கண் வங்கிக்குப் பேசிவிட்டேன். “ஆறு மணி நேரத்துக்குள்ள எடுத்தாகணும்மா. ஃபேன நிறுத்திடுங்க. கண்ண மூடி ஈரப் பஞ்சு வைங்க. வீட்டுல பேசிட்டுக் கூப்பிடுங்க, ஒன்றரை மணி நேரத்துல வந்துடுவோம்” என்றார்கள்.

ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில், பிரான்சில் பிள்ளை இருக்கும் வீட்டில் சாவு விழுந்தால் அந்தப் பிள்ளையின் வார்த்தை வராமல் ஒரு துரும்பு அசையாது. ஃப்ரீசர் பெட்டிக்குச் சொல்லிவிட்டு இரண்டு நாளானாலும் காத்திருப்பார்கள். என் அண்ணன் ‘நேஷனாலிட்டி’ வீட்டில், அதாவது பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில், பெண் எடுத்துப் பாரிஸுக்குப் போனவர். சித்தப்பா கறாராகச் சொன்னார். “மூத்தவன கேக்காம ஒடம்புல யாரும் கைய வைக்கக் கூடாது. நாளைக்கி வந்து நிப்பான், யாரு பதில் சொல்றது?”

போனை எடுத்த அண்ணி அழுதார். “அவுங்க நைட் டூட்டிம்மா. போன லாக்கர்ல வச்சிட்டுத்தான் உள்ள போவாங்க. காலைல ஏழு மணிக்குத்தான் வெளிய வருவாங்க.”

அங்கே ஏழு என்றால் இங்கே பதினொன்றரை. ஐந்தரையோடு ஆறைக் கூட்டினாலும் பதினொன்றரை. எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன். சித்தப்பாவுக்குப் பயந்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. அண்ணன் வருவதற்குள் தங்கச்சிக்காரி அப்பா கண்ணைத் தோண்டிக் கொடுத்துவிட்டாள் என்று ஊர் பேசும், அதற்குத்தான் பயந்தேன்.

ஈ மொய்க்கிறது என்று யாராவது ஃபேனைப் போடுவார்கள், நான் எழுந்து நிறுத்துவேன். மறுபடி போடுவார்கள். பஞ்சை நனைக்க எடுத்தபோது ஒரு தடவை இமை லேசாக விலகியது. ஒன்பது மணிக்குக் கண் தெளிவாகவே இருந்தது. பதினொரு மணிக்கு நானே விலக்கிப் பார்த்தேன். தண்ணீரில் ஒரு சொட்டுப் பால் விட்டதுபோல இருந்தது. பம்பு நின்ற செல்லில் அடுத்து என்ன நடக்கும் என்று பிள்ளைகளுக்குத் தேர்வில் கேட்டிருக்கிறேன். லைசோசோமின் சவ்வு கிழியும், உள்ளிருக்கும் நொதிகள் வெளியே வந்து அந்தச் செல்லையே தின்னும். ஐந்து மதிப்பெண். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அந்த விடையை வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு அண்ணன் கூப்பிட்டார். அழுது ஓய்ந்தபின் விஷயத்தைச் சொன்னேன்.

“இதுக்குப் போயி என்னைக் கேக்கணுமா பாப்பா? அப்பா ஆசப்பட்டதுல்ல? ஒடனே குடு.”

கண் வங்கியில் பேசியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நேரம் தாண்டிடுச்சேம்மா. மன்னிச்சுக்குங்க.”

இரண்டாம் நாள் அண்ணன் வந்து சேர்ந்தார். பெட்டியின் கண்ணாடி மேல் கவிழ்ந்து வெகுநேரம் அழுதுவிட்டு, “எடுத்துட்டாங்களா?” என்று கேட்டார். எங்கிருந்து வந்ததோ, “ம்” என்றேன். பக்கத்தில் நின்ற சித்தப்பா தரையைப் பார்த்தார். “தெரியவே இல்லியே. எவ்வளவு பதவிசா எடுத்திருக்காங்க” என்று அண்ணன் அந்த இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு வருஷா வருஷம் திதிக்கு வருகிறார். வந்தால் ஊரில் எதிர்ப்படுகிறவர் முகத்தையெல்லாம் பார்க்கிறார். முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கியபின் அவரோடு வெளியே போவதற்கே நடுங்குகிறேன். இந்த வருஷம் திருநள்ளாற்றில், சனிக்கிழமைக் கூட்டத்தில், யாரோ ஒரு வயதான அம்மா அவரைச் சற்றுநேரம் உற்றுப் பார்த்துவிட்டுப் போனார். அண்ணன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“பாத்தியா பாப்பா? அப்பா எங்கயும் போவல. யாரு கண்ணுல இருந்தோ நம்மளப் பாத்துக்கிட்டுதான் இருக்காரு.”

“ஆமாண்ணே” என்றேன்.

அண்ணன் தேடுகிற அந்த இரண்டு பேர் பொய்யில்லை. கண்ணுக்காகப் பேரைப் பதிந்துவிட்டு வரிசையில் காத்திருந்த யாரோ இருவர், எங்கோ உயிரோடு இருக்கிறார்கள். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் எங்களை உரசிக்கொண்டே போயிருந்தாலும், அவர்களால் அண்ணனைப் பார்த்திருக்க முடியாது.