கடப்பாரை பட்ட சுருள்

பணக்காரர்கள் பொருள் சேர்ப்பதில் எனக்குப் பொறாமை கிடையாது. எரிச்சல்தான். ஒரு பொருள் அவர்கள் அலமாரிக்குள் போய்விட்டால், முன்பு அது யார் வீட்டில் இருந்தது என்பதையே மறந்துவிடுகிறார்கள்.

தொண்ணூற்றொன்றில், கல்யாணமான புதிதில், மண்ணூரில் எங்கள் நிலத்தில் என் கணவர் கிணறு வெட்டினார். ஆழத்தில், களிமண்ணுக்குள், கடப்பாரை எதிலோ ணங்கென்று பட்டது. எடுத்துக் கழுவினால், உள்ளங்கை அகலத்தில் சுருள் சுருளாய் ஒரு கல்.

“இன்னாமே இது, கல்லுல நத்தை மாரி கீது?” என்று என்னிடம் நீட்டினார். சுருளின் ஒரு வளைவில் கடப்பாரை குத்திய பள்ளம். என் சுண்டுவிரல் நுனி அதில் கச்சிதமாக உட்காரும். வேலைக்கு நடுவில் சும்மாவாவது விரலை வைத்துப் பார்ப்பேன்.

தொழிற்சாலைக்கு நிலம் பார்க்கச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு செல்வந்தர், எங்கள் வாசலில் தண்ணீர் கேட்டு நின்றபோது அதைப் பார்த்துவிட்டார். அவர் வீட்டில் இப்படிப்பட்ட கற்கள் அலமாரி அலமாரியாக இருக்கின்றனவாம். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம்; இது அதில் வாழ்ந்த பிராணியாம்.

“நம்ம பால்வீதியும் இப்படிச் சுருள்தாம்மா. நாம உள்ளயே இருக்கறதால வெளியில நின்னு பார்க்க முடியாது” என்றார்.

“அதுல நம்ம வூடு எங்க சார் கீது?” என்று கேட்டார் என் கணவர்.

செல்வந்தரின் விரல் அந்தப் பள்ளத்திலேயே போய் நின்றது.

“நான் குத்துன எடம்! எம் பொண்டாட்டி இங்கதான் குந்திகினு கீறா சார்!” விழுந்து விழுந்து சிரித்தார் என் கணவர். அந்தச் சந்தோஷத்தில் கல்லையே தூக்கிக் கொடுத்துவிட்டார். தாராளக் கை அந்த மனுஷனுக்கு.

அந்த ஐப்பசியில் காய்ச்சல் வந்து என் கணவர் இறந்துபோனார். அவர் வெட்டிய கிணறு நிரம்பிக் கிடந்தது. சட்டைகளில் அவர் வாசனைகூடப் போய்விட்டது. மழை விட்ட ஒரு முன்னிரவில், வானத்தில் வெளுத்த பட்டையாக அந்தப் பால்வீதியைப் பார்த்ததும் கல்லின் ஞாபகம் வந்தது. கல் வேண்டாம். அந்தப் பள்ளத்தில் ஒரே ஒரு முறை விரலை வைத்தால் போதும் என்று ஏங்கினேன்.

செல்வந்தர் கொடுத்திருந்த விலாசத்தைத் தேடிப் பஸ் ஏறினேன். நல்ல மனிதர்தான், உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து கல்லை என் கையிலேயே வைத்தார். எனக்கு அடையாளமே தெரியவில்லை. அப்படிப் பளபளத்தது.

“ஒரு இடத்துல மூளியா இருந்ததும்மா. அடைச்சு பாலிஷ் போட்டாச்சு” என்றார் பெருமையாக.

“எங்க வூடு எங்க சார்?” என்றேன்.

“இங்கதாம்மா.” சரியாக அதே இடத்தைக் காட்டினார்.

விரலை வைத்துப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.