இரண்டாம் பக்கத்தில் ஏறிய ஜீப்புகள்

அந்த இணையப் பக்கத்தை நான்தான் செய்து கொடுத்தேன். போடியிலிருந்து போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புக்காரர்களின் சங்கம் கேட்டது. அம்மா அந்த ஜீப்புகளில் ஒன்றில்தான் தினமும் காய் எடுக்கப் போகிறாள். அதனால் உடனே சரி என்றேன்.

ஒரே பக்கத்தில் மூன்று பட்டியல்கள். முதலாவது, எந்த ஜீப்பு இன்று எந்தத் தோட்டத்துக்கு, எத்தனை பேர். இரண்டாவது, எங்கே ஆள் தேவை. மூன்றாவது, சாலை அறிவிப்பு: மரம் விழுந்தது, மண் சரிந்தது, பனி மூடியிருக்கிறது. இந்த மூன்றாவதை, மெட்டில் டீக்கடை வைத்திருக்கும் ஒருவர் தன் போனிலிருந்தே போடுவார்.

எந்தப் பட்டியலும் பத்து வரியைத் தாண்டினால் அடுத்த பக்கத்துக்குப் போகும். ஒப்படைக்கும் முன்பு சோதிக்க வேண்டியவற்றை நோட்டில் எழுதி, ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் அடித்தேன். பட்டியல்கள் திறக்கின்றனவா, பத்தாவதுக்குப் பிறகு பதினொன்றாவது வருகிறதா, பழைய போனில் எழுத்து உடையாமல் தெரிகிறதா. ஒரு பட்டியலைப் புரட்டும்போது மற்ற இரண்டும் என்ன செய்கின்றன என்பது என் நோட்டில் இல்லை.

டிரைவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மலை ஏறும் முன் முந்தல் சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்தி டீ குடிப்பார்கள். அதற்கு மேல் மெட்டு வரும்வரை டவர் கிடைக்காது என்பதால் அங்கேயே பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுவார்கள். ஜீப்புகளின் வரிசை மாறாது. ஆகவே பத்துக்குப் பிந்திய எண்காரர்கள் முதல் பக்கத்தைத் திறப்பதே இல்லை. இரண்டாம் பக்கத்தின் முகவரியைப் போனில் சேமித்து வைத்துக்கொண்டு நேரே அதைத்தான் தொடுவார்கள். அம்மா போகும் ஜீப்பு பதினான்கு.

ஐப்பசி மழை மூன்று நாளாக விடவில்லை. அன்று காலை அம்மா கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் மெட்டிலிருந்து அறிவிப்பு வந்தது. "பதினோராவது வளைவுக்கு மேல மண்ணு எறங்குது. ஜீப்பு ஏத்தாதீங்க." என் போனில் அது பளிச்சென்று தெரிந்தது. அம்மா திரும்பி வந்துவிடுவாள் என்று உலையில் இன்னொரு பிடி அரிசி போட்டேன்.

ஸ்டாண்டில் ஜீப்புகளைப் பதியும் அண்ணன் கூப்பிட்டார்.

"பாப்பா, ஏழு ஜீப்பு முந்தல்ல இருந்து திரும்பிருச்சு. நாலு ஏறிருச்சு. அவனுக எதையும் பாக்கலையா, என்னன்னு தெரியல."

"எந்த நாலுண்ணே?"

"பன்னெண்டு, பதினாலு, பதினஞ்சு, பதினெட்டு."

நோட்டில் எழுதினேன். திரும்பியவை எல்லாம் பத்துக்குள். ஏறியவை எல்லாம் பத்துக்கு மேல்.

இரண்டாம் பக்கத்தைத் திறந்தேன். மேலே ஜீப்புப் பட்டியலில் பதினான்காம் எண் ஜீப்பு, பன்னிரண்டு பேர். கீழே சாலை அறிவிப்பு என்ற தலைப்பில், நானே அமைத்த பச்சை நிறத்தில், 'இன்று அறிவிப்பு எதுவும் இல்லை.' முகவரியின் முடிவில் இருந்த ஒரே ஒரு பக்க எண்ணை மூன்று பட்டியல்களும் பார்த்துக்கொண்டிருந்தன. ஜீப்புகள் இரண்டாம் பக்கத்துக்குப் போனால் அறிவிப்பும் தன் இரண்டாம் பக்கத்துக்குப் போகும். அங்கே எதுவும் இருக்காது. இருந்த ஒன்று முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

அம்மாவின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது.

ஒவ்வொரு பட்டியலுக்கும் தனிப் பெயரில் தனிப் பக்க எண் கொடுத்தேன். சாலை அறிவிப்புக்குப் பக்கம் பிரிப்பதே வேண்டாம் என்று எடுத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். உலை கொதித்து அடங்கும் நேரம்கூட ஆகவில்லை. அந்த நாலு ஜீப்பில் இருப்பவர்களால் அதை இனிப் பார்க்க முடியாது.

ஸ்கூட்டியில் முந்தலுக்குப் போனேன். மலை தெரியவில்லை, சாலை பத்தடி போய் வெள்ளைக்குள் நுழைந்துவிட்டது. மேலே எங்கேயோ பாறை உருளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்த டிரைவர்கள் தகரக் கூரைக்கடியில் நின்றிருந்தார்கள்.

"என்ன மாப்ளே, கம்ப்யூட்டரு மழையில நனைஞ்சு நிக்கிது?" என்று என்னைக் காட்டிப் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார் ஒருவர்.

"சும்மா இருடா. அவங்க ஆத்தா மேல இருக்கு" என்றார் மற்றவர்.

மூன்று ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. வழியிலேயே பயந்து திருப்பியிருக்கிறார்கள். பதினான்கு வரவில்லை. பத்து மணிக்கு மேல் பனிக்குள்ளிருந்து பெண்கள் நடந்து வந்தார்கள். எண்ணினேன். பன்னிரண்டு. முழங்கால்வரை சேறு. ஒருத்தி கால் மடங்கி, இரண்டு பேர் தோளில் தொங்கியபடி வந்தாள். அம்மா கடைசி ஆள்.

ஜீப்புக்கு முன்னாலும் பின்னாலும் மண் சரிந்து, வண்டி நடுவில் மாட்டிக்கொண்டது என்று அவர்களோடு நடந்து வந்த டிரைவர் சொன்னார். "பத்தாவது வளைவுலயே தண்ணி செவப்பா வந்துச்சு பாப்பா. இவுக எல்லாம் எறங்கிக்கிறோம்னு ஒரே சத்தம். உங்கம்மாதான், எம் மக செஞ்சது, அதுல ஒண்ணுமில்லைன்னா ஒண்ணுமில்லை, வெரசா போங்கண்ணேன்னுச்சு."

அம்மாவைத் தனியே கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். முந்தானையைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"அப்ப அறிவிப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. உங்க பக்கத்துல தெரியல. தப்பு என்னோடது."

"இத அவளுககிட்ட யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்."

"நீ சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருவ. நாந்தான அவளுககூட ஒக்காந்து போகணும்."

ஆனாலும் சொன்னேன். கூரைக்கடியில் எல்லோர் முன்னாலும், புரியும்படி. கால் மடங்கியவள் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள். "இப்பச் சரியாயிருச்சா?" என்று ஒருத்தி கேட்டாள். ஆயிற்று என்றேன். காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

சாலை திறந்த அன்று அம்மாவை ஸ்டாண்டில் நான்தான் கொண்டுபோய் விட்டேன். அந்த ஜீப்புகளில் ஒவ்வொருத்திக்கும் ஓர் இடம் உண்டு. பல வருடங்களாக மாறாதது. டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் அம்மாவுடையது. அன்று அங்கே வேறொருத்தி, தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அம்மா பின்பக்கம் சுற்றிப் போய், கம்பியைப் பிடித்து, கடைசியில் ஏறிக்கொண்டாள்.