நாலாவது பாட்டைப் பற்றி வந்த கடிதங்கள்

என் பங்காளி ஒரு வெல்டர். அபுதாபிக்குப் பக்கத்தில், முசஃபாவில் இரும்புக் கட்டுமான யார்டு ஒன்றில் நானும் அவனும் ஆறு வருடமாக ஒன்றாக வேலை செய்கிறோம். நான் ஸ்டோர் கீப்பர். ரத்த உறவு ஒன்றும் கிடையாது. அவன் புதுக்கோட்டைப் பக்கம், நான் அறந்தாங்கிப் பக்கம். அறையில் எதிரெதிர் கட்டில் கிடைத்த அன்றே ஒருவரையொருவர் பங்காளி என்று கூப்பிட ஆரம்பித்தோம், அப்படியே நின்றுவிட்டது.

அவன் பாடுவான். நாட்டுப்புறப் பாட்டு, எல்லாம் அவனே கட்டியது. முதல் ஆல்பத்தை எங்கள் கேம்ப் அறையில்தான் பதிவு செய்தோம். மேல் கட்டிலின் கம்பியில் கைபேசியைக் கட்டித் தொங்கவிட்டு, ஏசி சத்தம் விழக்கூடாது என்று அதையும் நிறுத்திவிட்டு, ஜூன் மாதப் புழுக்கத்தில் எட்டுப் பேர் வெற்றுடம்போடு உட்கார்ந்திருந்தோம். நான் காலித் தண்ணீர் கேனைக் கவிழ்த்து வைத்துத் தாளம் போட்டேன். ஒரு பாட்டில் எங்கள் அறைப் பெங்காலி நண்பர் இருமியதுகூடப் பதிவாகிவிட்டது. ஆறு பாட்டு. ஒரு சேனல் தொடங்கி ஏற்றினேன். அது தம்மாம் வரைக்கும், தோஹா வரைக்கும் போகும் என்று நாங்கள் இருவருமே நினைக்கவில்லை. கேம்ப் பேருந்துகளில் போட்டார்கள். "அந்த கேன் அடிக்கிற அண்ணன் யாரு?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்த ஒரு வரியை எத்தனை தடவை திறந்து பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இரண்டாவது ஆல்பம் வேறு மாதிரி நடந்தது. முதல் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு மதுரையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஓர் இசைக்காரர் அவனை அழைத்தார். லீவுக்குப் போன இரண்டு மாதத்தில் அங்கே தவில், நாயனம், புல்லாங்குழல், கீபோர்டு எல்லாம் வைத்து இன்னும் ஆறு பாட்டுப் பதிவு செய்துகொண்டு திரும்பி வந்தான். வந்த அன்றே பெட்டியைக்கூடத் திறக்காமல் இயர்போனை என் காதில் வைத்தான்.

"கேட்டுச் சொல்லு பங்காளி. நீ சொன்னாத்தான் ஏத்தணும்."

நான் கேட்டேன் என்று சொல்ல முடியாது. என் காது முழுக்கத் தவிலையே தேடிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு தேர்ந்த கலைஞர், விரல் விரலாக வாசித்திருந்தார். என்னால் ஏழு ஜென்மத்துக்கும் அப்படி அடிக்க முடியாது. "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு ஏற்றினேன்.

கருத்துகளைப் படித்துக் காட்டுவது என் வேலை. அவனுக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் நாள் முழுக்க வெல்டிங் வெளிச்சம் பார்த்த கண் சாயங்காலம் மணல் விழுந்த மாதிரி உறுத்தும். குளித்துவிட்டு வந்து ஈரத்துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுப்பான். நான் எதிர்க்கட்டிலில் உட்கார்ந்து வாசிப்பேன்.

இந்த இடத்தில் நான் செய்ததை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். முதல் வாரத்தில் திட்டி வந்தவற்றை மட்டும் எடுத்து நிறுத்தி நிதானமாக வாசித்தேன். "பழைய ஆல்பத்துல இருந்த ஆளு எங்க போனாரு?" "கல்யாண மண்டபத்துல உக்காந்த மாதிரி இருக்கு." "டப்பா சத்தம் இல்லாம சப்புனு இருக்கு." கடைசியாகச் சொன்னதை இரண்டு தடவை வாசித்தேன். ஜித்தாவில் ஷரஃபியாவில் சாப்பாட்டுக்கடை நடத்தும் ஒருவர், இந்தப் பாட்டுகளைப் போட்டால் சாப்பிட வருகிறவர்கள் இடத்தைவிட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார்கள் என்று சந்தோஷமாக எழுதியிருந்தார். அதைத் தாண்டிவிட்டேன். அபுதாபியிலிருந்து ஓர் அம்மா, வீட்டில் இங்கிலீஷ் மட்டுமே பேசும் தன் பிள்ளைகள் மூன்றாவது பாட்டைத் தப்பும் தவறுமாகப் பாடிக்கொண்டு திரிவதாக எழுதியிருந்தார். அதையும் தாண்டினேன்.

அவன் துண்டை விலக்காமலே கேட்டுக்கொண்டிருப்பான். "ம்" என்பான். அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். அவன் வேலை செய்யும்போது எப்போதும் முகமூடிக்குள் ஏதாவது முனகிக்கொண்டே இருப்பான். வெல்டிங் ராடு வாங்க ஸ்டோருக்கு வரும்போதும் அந்த முனகல் கூடவே வரும். அது நின்றுபோயிருந்தது. ராடுக் கட்டை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டவன், "இனிமே பாட்டு வேணாம் பங்காளி. வந்த வேலையப் பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனான். குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோரில் ஆள் வரத்து இல்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சேனலைத் திறந்து, தாண்டிப்போன கருத்துகளை முதலிலிருந்து படிக்கலாம் என்று உட்கார்ந்தேன். நாலாவது பாட்டுக்குக் கீழே மட்டும் எழுதியவை நீண்டுகொண்டே போயின. அங்கே தவிலைப் பற்றி யாரும் பேசவில்லை, டப்பாவைப் பற்றியும் பேசவில்லை.

ஒரு பெண் எழுதியிருந்தார்: "இது உங்களுக்கு எப்படிங்க தெரியும்? நான் இதை யாருகிட்டயும் சொன்னதில்லையே."

அதற்குக் கீழே இன்னொரு பெண்: "நானும்தான் அக்கா. அவரு வச்ச பெறகும் போனைக் கையிலயே வச்சுக்கிட்டு பேசுவேன். மாமியா பாத்துட்டு கிறுக்குன்னாங்க."

தோஹாவிலிருந்து இலங்கைக்காரர் ஒருவர்: "மற்றப் பாட்டுகள் எனக்கு அவ்வளவா விளங்கேல்லை. நாலாவது பாட்டு என்னை விடுகுதில்லை."

எந்த வரியைச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஏற்றியவன் நான். அத்தனை நாளும் என்னிடம்தான் இருந்தது. இயர்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பாட்டை முதல் தடவையாகக் கேட்டேன். வளைகுடாவுக்கு வந்த ஒருவன் மனைவிக்குப் பாடுகிற பாட்டு. முதல் சரணம் முடிந்து நாயனம் அடங்குகிறது. இரண்டாவது சரணம் தொடங்க வேண்டிய இடத்தில் அவன் தொடங்கவில்லை. மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கிறது. தவில்காரர் அவனுக்காகக் காத்திருந்து ஒரு சுற்றுக் கூடுதலாக வாசிக்கிறார். பிறகு மெதுவாக வருகிறது:

"போனை வச்ச பெறகு நீ பேசுனதெல்லாம்
எனக்குக் கேட்டுச்சுடி, எனக்குக் கேட்டுச்சு."

பைப் அடுக்குகளுக்கு நடுவே நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஃபோர்மேன் வந்து "பாய், கையுறை" என்று இந்தியில் கேட்டது இரண்டாவது தடவைதான் காதில் விழுந்தது.

மீதியை அன்று முழுக்கப் படித்தேன். தம்மாமில் டிரெய்லர் ஓட்டும் ஒருவர், சேனலில் போட்டிருந்த என் எண்ணுக்குக் குரல் செய்தியே அனுப்பியிருந்தார். பின்னால் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. "அண்ணே, எனக்கு இசையெல்லாம் தெரியாது. ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுக்குறீங்கல்ல, அந்த எடத்துல ஒவ்வொரு தடவையும் நானும் மூச்சப் புடிச்சுக்கிறேன். ரியாத் ரோட்டுல இத மட்டும் போட்டுக்கிட்டே போறேன். இப்பல்லாம் நான் போன டக்குனு வைக்கிறதில்ல. அவ வைக்கட்டும்னு இருக்கேன். அவளும் வைக்க மாட்டேங்கிறா." அவ்வளவுதான், செய்தி முடிந்துவிட்டது.

எத்தனை ஊர், எத்தனை அறை, எத்தனை சமையல்கட்டு. ஒருவரையொருவர் பார்த்திராத இவ்வளவு பேரும் ஆறு பாட்டில் ஒரு பாட்டை, அதில் ஒரு வரியை, அந்த வரிக்கு முன்னால் இருந்த ஒரு மூச்சைத் தனியாகப் பிரித்தெடுத்திருந்தார்கள். என் காதுக்கு என்ன ஆயிற்று என்று வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தையும் மீறி ஒரு பிரமிப்பு. கோயில் பிராகாரத்தில் தனியாக நிற்கும்போது உடம்பில் ஒன்று ஓடுமே, அது போல.

சாயங்காலம் அவன் துண்டைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுத்ததும் சொல்லிவிட்டேன். "பங்காளி, நான் உனக்கு எல்லாத்தையும் படிக்கல. நல்லத மறைச்சுட்டேன்."

"தெரியும்" என்றான்.

"எப்படி?"

"நடுவுல நடுவுல நிறுத்துவ. வெரலு மட்டும் போன்ல தேய்க்கிற சத்தம் கேக்கும். ஏதோ தாண்டுறான்னு நெனச்சுக்குவேன்."

"அப்பறம் ஏன் கேக்கல?"

"தவில் விஷயத்துல ஒனக்கு மனசு சங்கடம். அது ஆறட்டும்னு பாத்தேன். ஆனா நீ படிச்சதும் பொய் இல்லையே, அவங்க எழுதுனதுதான."

நாலாவது பாட்டுக்கு வந்தவற்றை மட்டும் ஒன்றுவிடாமல் வாசித்தேன். டிரெய்லர்காரரின் குரலையும் போட்டேன். பாதியிலேயே அவன் துண்டை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டான். கண் இரண்டும் சிவந்திருந்தன, வெல்டிங்காலா வேறெதனாலா என்று நான் கேட்கவில்லை.

"அந்த வரி நான் எழுதுனது இல்ல பங்காளி" என்றான். "எழுதி வச்சது வேற. கடலு, கப்பல்னு ஏதோ வரும். ஸ்டுடியோ கண்ணாடிக் கூண்டுக்குள்ள நிக்கிறப்ப அது மறந்துபோச்சு. தவிலு ஓடிக்கிட்டே இருக்கு. வாயில வந்தது வந்துருச்சு. அந்த ஸ்டுடியோக்கார அண்ணன் திரும்ப எடுக்க வேணாம், இப்படியே இருக்கட்டும்னுட்டாரு."

பிறகு நடந்ததைச் சொன்னான். ஆல்பத்துக்கு ஒரு வருடம் முன்பு, வழக்கம்போல மனைவியோடு பேசி முடித்தான். மனைவி போனை அணைத்ததாக நினைத்து அப்படியே வைத்துவிட்டார். அணையவில்லை. இவனும் அணைக்கப்போனவன் அவர் குரல் கேட்கவே நின்றுவிட்டான். அடுப்பில் ஏதோ கிண்டிக்கொண்டே அவர் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். "எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லியாச்சு. கால்ல ஆணி குத்துனத எதுக்குச் சொல்லிக்கிட்டு. சொன்னா மனுஷனுக்குச் சோறு எறங்காது." அதன் பிறகு அன்று சொல்லாமல் விட்ட ஒவ்வொன்றையும் இவன் எதிரில் இருப்பது போலச் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். அதற்கப்புறமும் சில நாள் அப்படி அணையாமல் இருந்ததாம்.

"அதப் பத்தி அவங்ககிட்ட கேக்கவே இல்லியா?"

இல்லை என்று தலையசைத்தான்.

"பாட்டக் கேட்டுட்டு என்ன சொன்னாங்க?"

"நல்லாருக்குன்னா. வேற ஒண்ணும் சொல்லல. ரெண்டு வாரமா பேச்சு சரியில்ல. சுருக்கமா பேசிட்டு வச்சிடுறா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, விடுமுறை. நான் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவன் கட்டிலில் உட்கார்ந்து ஊருக்குப் போன் செய்தான். ஸ்பீக்கரில்தான் பேசுவான், காதில் வைத்தால் அவனுக்குச் சூடாக இருக்கும். வழக்கமான விசாரிப்புகள் முடிந்தன. வைத்துவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். அவன் தொண்டையைச் செருமினான்.

"கால் எப்படி இருக்கு?"

அந்தப் பக்கம் ஒரு சேவல் கூவியது. பிறகு அவர் குரல் வந்தது.

"அது எப்பவோ ஆறிருச்சு. பாட்டக் கேட்டதுல இருந்து நானும் நெனச்சுக்கிட்டேதான் இருக்கேன். அன்னைக்கே ஒங்க காதுல விழுந்திருந்தா ஏன் அன்னைக்கே சொல்லல?"

"சொன்னா அடுத்த தடவ நீ போன ஒழுங்கா அணைச்சிருவியே."

நான் மடித்த சட்டையையே மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தேன். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது. அவன் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டு வராண்டாவுக்குப் போனான். ஒரு மணி நேரத்துக்கும் மேல் திரும்பி வரவில்லை. சோற்றை நானே வடித்து மூடி வைத்தேன்.

திங்கட்கிழமை ராடு வாங்க வந்தபோது முகமூடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டு நின்றான். வாய்க்குள் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது, எனக்குத் தெரியாத மெட்டு. நான் ரிஜிஸ்டரை நீட்டினேன். முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.