ஒரு களத்தில் ஒரு பொலி

முதுகலை வேளாண்மைப் படிப்பில் ஆராய்ச்சிக் கட்டுரை கட்டாயம். தீசிஸ் என்றுதான் எல்லோரும் சொல்வோம். வானம் பார்த்த கேழ்வரகுக்கு எந்த உரம் எவ்வளவு போடலாம் என்பதை என் பேராசிரியர் எனக்குத் தலைப்பாகக் கொடுத்தார். கிணற்றுத் தண்ணீர் பாயும் கல்லூரிப் பண்ணையில் இதைச் செய்து யாருக்கு என்ன பயன் என்று கேட்டார். விவசாயியின் நிலத்தில் செய்ய வேண்டும், இரண்டு பருவ விளைச்சல் வேண்டும், ஒவ்வொரு பாத்தியின் தானியத்தையும் தனித்தனியாக எடை போட்டிருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் தீசிஸைக் கையால் தொடமாட்டார். நியாயமான மனிதர்தான். அந்த நியாயம் எங்கள் வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எழுபதுகளின் தொடக்கம் அது. பொம்மிடிக்குப் பக்கத்தில் எங்களுக்கு மேட்டுக்காடு இருந்தது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொது. தாத்தா போன பிறகும் பிரிக்கவில்லை. ஒரே அடுப்புதான் எரிந்தது. அண்ணன் தம்பி ஒற்றுமைக்கு மாதா கோயில் சாமியாரே பிரசங்கத்தில் எங்கள் வீட்டைச் சொல்வார். அந்தக் காட்டின் நடுவில்தான் நான் முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, பாத்தி பிரித்தேன். சில பாத்திகளுக்கு உரம் நிறைய, சிலவற்றுக்குக் கொஞ்சம், சிலவற்றுக்கு ஒன்றுமே கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க அப்படியும் வேண்டும் என்பது விதி.

எங்கள் பக்கத்தில் ஒரு காட்டுக்குள் குச்சியும் கயிறும் வந்தால் பாகப்பிரிவினை என்றுதான் அர்த்தம். முதல் வருடம் டீக்கடையில் கேட்டவர்களுக்குச் சித்தப்பாவே சிரித்துக்கொண்டு விளக்கம் சொன்னாராம். நானும் அந்த வருடம் ஜாக்கிரதையாக இருந்தேன். ஒவ்வொரு பாத்தியையும் அறுத்து, காட்டிலேயே தார்ப்பாயில் தட்டி, சேலத்தில் வாங்கிய தொங்கு தராசில் எடை போட்டு, அதன் பிறகுதான் களத்துக் குவியலில் கொண்டுபோய்க் கொட்டினேன். களத்தைப் பார்த்தவர்களுக்கு எப்போதும் போல ஒரே பொலிதான், ஒரே தானியக் குவியல்தான் தெரிந்தது.

இரண்டாம் வருடமும் குச்சி அடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் மகன் படித்தவன், நல்ல மண்ணாகப் பார்த்து அளந்து வைக்கிறான் என்று பேச்சு கிளம்பியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரு நாள் சித்தப்பா உரமில்லாத பாத்தி ஒன்றின் வரப்பில் வந்து நின்றார்.

"இந்தச் சோடையா நிக்கறது யாரு பங்குப்பா?" என்று கேட்டார்.

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நான் சிரித்தேன். அவர் திரும்பிப் போய்விட்டார்.

அறுப்புக்கு நாலு நாள் இருக்கும்போது கல்லூரியிலிருந்து ஓலை வந்தது. செமினாரில் பேசினால்தான் தீசிஸை வாங்குவார்களாம். எனக்கோ பதிவுக்காலம் முடியப் போகிறது. அந்தப் பருவத்தை விட்டால் வேறு பருவம் இல்லை. மழை வந்து அறுக்க நேர்ந்தால் ஒவ்வொரு கட்டிலும் அதனதன் பாத்தி எண் எழுதிய சீட்டைக் கட்டி, களத்தில் தனித்தனியாகப் போடச் சொல்லி அப்பாவிடம் கெஞ்சிவிட்டுப் போனேன். சரி என்றார்.

மேகம் திரண்டதும் அப்பா அறுத்துவிட்டார். சொன்னபடியே பாத்தி பாத்தியாகக் கொண்டுவந்து தனித்தனியாகக் குவித்தும் வைத்தார். அதன் பிறகு நடந்ததை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனவர்கள் களத்தோரம் நின்று, பிரிச்சாச்சுங்களா என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு குடும்பத்துக் களத்தில் ஒரு பொலிதான் இருக்கும். இரண்டு இருந்தால் இரண்டு குடும்பம். சித்தப்பா வந்து பார்த்திருக்கிறார். அன்றைக்கு அவர் சாப்பிட வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் அப்பா சீட்டுகளையெல்லாம் அவிழ்த்து எறிந்தார். குவியல்களை ஒன்றாகச் சேர்த்து, மாடு பூட்டித் தாம்பு ஓட்டி, தூற்றிக் குவித்து, உச்சியில் குருத்தோலைச் சிலுவையை நட்டார். பக்கத்துக் களங்களில் சாணிப் பிள்ளையார் வைப்பார்கள், எங்களுக்கு அந்தச் சிலுவை.

நான் ரயிலிறங்கி நேராகக் களத்துக்குத்தான் போனேன். ஒரே பொலி நின்றது. என் சீட்டுகள் பதரோடு கிடந்தன. வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பாவை எதிர்த்துக் கத்தினேன். என் படிப்பே போச்சுங்கப்பா என்றேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "உன் படிப்பு போனா உன்னோட போவும். இது போனா எல்லாமே போவும். ஒரு களத்துல ஒரு பொலிதான் இருக்கோணும்."

அந்த நிமிடம் அவரை வெறுத்தேன். பிறகும் வெகுநாள் வெறுத்தேன்.

பேராசிரியரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். எண்களைத் தாங்களே எழுதிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, நீ அப்படிச் செய்யவில்லை என்று பாராட்டினார். பிறகு ஃபைலை மூடினார். இரண்டாம் பருவத்து எடை இல்லாமல் தீசிஸ் இல்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. கூடப் படித்தவர்கள் அதிகாரிகளாகப் போனார்கள். நான் தருமபுரியில் ஓர் உரக்கடையில் மூட்டை விற்கப் போனேன்.

அடுத்த கார்த்திகையில் சித்தப்பா பாகம் கேட்டார். ஒரு வருடம் மனதுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். அப்பா எவ்வளவோ பேசிப் பார்த்தார். ஊர்ப் பெரியவர்கள் வந்து காட்டை அளந்தார்கள், நான் அடித்தது போலவே குச்சி அடித்தார்கள். அந்த வருட விளைச்சலையும் எடை போட்டுப் பிரித்துவிடலாம் என்றார்கள். யார் போடுவது என்று பேச்சு வந்தபோது, இவனுக்குத்தானே பழக்கம் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சித்தப்பாவும் சரி என்றார்.

வீட்டிலிருந்து அதே தராசைக் கொண்டுவந்தேன். களத்தில் இரண்டு பொலி. கொக்கியில் மூட்டை மூட்டையாக மாட்டி, சத்தமாக எடையைச் சொல்லி, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று தள்ளினேன். ஒரு படிகூட அங்கே இங்கே போகவில்லை. அப்பா புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கையில் குருத்தோலைச் சிலுவை இருந்தது. அதை அவர் எந்தப் பொலியிலும் நடவில்லை.

எல்லோரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். குத்தலாகக் கேட்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, உண்மையாகவே கேட்டார்.

"இப்பத் தனித்தனியாத்தானே போட்டிருக்கே. இந்தக் கணக்கைக் கொண்டுபோய்க் குடுத்தா உங்க வாத்தியாரு ஒத்துக்குவாரா?"

"மாட்டாருங்கப்பா," என்றேன்.

தலையாட்டினார். சிலுவையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, நம்ம மூட்டை எது என்று கேட்டார்.