தறி நின்ற பிறகு

வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே சௌமியா இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டாள். முதல் அறிகுறி அதுதான். மின்சாரம் போய் மின்விசிறி நின்றிருந்தது. அதை யார் கவனித்தார்கள்?

சில வாரங்களுக்கு முன்புதான், கருமத்தம்பட்டியில் அவர்கள் வீட்டுத் தறிக்கூடத்தில், அவளுடைய அம்மாவின் சேலை மோட்டார் பெல்ட்டில் சிக்கியது. சௌமியா மறுகோடித் தறியில் நூல் பிணைத்துக்கொண்டிருந்தாள். அம்மா பிழைக்கவில்லை.

எங்கள் ஊரில் தலைவலி வந்தாலும் தூக்கம் கெட்டாலும் தறிச் சத்தத்தின் மேல்தான் பழி. அவளுடைய வகுப்புத் தோழிகளான நானும் ஜெனியும் அதையே செய்தோம். சத்தமில்லாத இடத்தில் வைத்தால் தேறிவிடுவாள் என்று மருத்துவர்களைப்போல முடிவுகட்டி, அன்னூரில் ஜெனியின் சித்தி தோட்டத்து வீட்டுக்கு அழைத்துப்போனோம்.

"கூட்டிட்டுப் போங்க கண்ணு. எனக்கு ஒண்ணும் புரியல," என்றார் அவளுடைய அப்பா.

அங்கே அவள் சோற்றைத் தொடவில்லை. ஒரு மதியம் மூச்சுத் திணறி மயங்கி விழுந்தாள். கோவைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் (நடந்தது முடிந்த பிறகும் உடம்பு அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டிருப்பது) என்றார் மருத்துவர். பிறகு, நாங்கள் ஒருமுறைகூடக் கேட்காததை அவளிடம் கேட்டார்.

"தறிச் சத்தம் பயமா இருக்குதா அம்மணி?"

"இல்லீங்க. தறி ஓடுனப்ப எனக்கு ஒண்ணுமே கேக்கலீங்க. மெயின் சுவிட்சை நிறுத்துனப்பறந்தான் அம்மா கத்துறது கேட்டுதுங்க. கொஞ்ச நேரந்தான் கேட்டுது."

அவள் எதற்குப் பயந்தாளோ, அந்த அமைதிக்குள்ளேயே கொண்டுபோய் அடைத்திருக்கிறோம்.

"மருந்தை நான் பாத்துக்கறேன். கரண்ட் போனா அவளைத் தனியா உடாதீங்க," என்றார் மருத்துவர் எங்களிடம்.

அன்றிலிருந்து மின்தடை நாட்களில் நாங்கள் அவள் வீட்டில்தான். வேதியியலைக் கத்திப் படிப்போம், ஒன்றுமில்லாததற்குச் சண்டை போடுவோம். அவள் முழுதாகக் குணமாகிவிடவில்லை. தூக்கத்தில் இன்னும் அலறுகிறாள் என்கிறார் அவள் அப்பா. உங்கள் தோழிக்கு இப்படி நேர்ந்தால், என்ன வேண்டுமென்று அவளிடமே கேளுங்கள். பதில் வர மாதங்கள் ஆனாலும் காத்திருங்கள்.

போன மின்தடையில் சௌமியாவே எங்களை நிறுத்தினாள்.

"சித்த நேரம் பேசாம இருங்க புள்ளைகளா. நான் கேட்டுப் பாக்கறேன்."

வாயை மூடிக்கொண்டோம். தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. அவள் கண்ணில் நீர் வழிந்தது. கைகள் மடியிலேயே இருந்தன. சில நிமிடங்கள்தான், எனக்கு அது முழுப் பகலாக நீண்டது. நான் ஒருபோதும் கேட்டிராத, அவள் அம்மாவின் அந்தக் குரல் எந்த நொடியும் வந்துவிடும் என்று தோன்றியது.

என் கைகள் எப்போது காதுக்குப் போயின என்று தெரியவில்லை. சௌமியாதான் அவற்றை மெல்ல எடுத்துவிட்டாள்.